பிஸ்கட் மாஸ்டர்

பட்டரைக் காணவில்லை.

இப்போதுதான் தாளைப் பிரித்து, இளகட்டும் என்று பீங்கானில் வைத்துவிட்டு மாவை அரிக்கத் திரும்பியிருந்தான். அரித்துவிட்டுப் பார்த்தால் வெறும் பீங்கான் இருந்தது.

“பட்டர் எங்க?” என்றான் சதீஸ்குமார்.

மேசையின் இரு பக்கமும் நின்ற பிள்ளைகள் பீங்கானைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பூனை” என்றான் மூத்தவன் கிஷாந்த்.

“எந்தப் பூனை?”

“நுஸ்லா வீட்டுப் பூனை. அது எல்லாத்தையும் தின்னும்.”

பக்கத்து வீட்டு நுஸ்லா ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றிருந்தாள். “ஓம் அங்கிள், எங்கட பூன பெரிய கள்ளப் பூன” என்று சாட்சி சொன்னாள்.

ஒரு கட்டிப் பட்டரை விழுங்கிவிட்டு ஈரக் கால் தடம்கூட விடாமல் போன பூனையைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை. உக்குவளையில் அந்த மாதம் முழுக்க மழை. ரயில் பாதைக்குக் கீழே சரிவில் நின்ற அந்த வீட்டின் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. துவைத்த துணி காயவில்லை. சீனி போத்தலுக்குள்ளேயே கட்டிபட்டுக் கிடந்தது. இந்த மழையில் இன்னொரு பட்டருக்காகக் கடைக்குப் போவதா?

தேங்காய் எண்ணெயும் கொழுப்புத்தானே என்று அதை ஊற்றினான். மா கூழானது. இன்னும் கொஞ்சம் மாவைக் கொட்டினான், கல்லானது. தண்ணீர் தெளித்தான், மறுபடியும் கூழ். கடைசியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமான மா சேர்ந்துவிட்டது. பிசைந்த கையை வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

“உங்க கொம்பனியிலயும் இப்படித்தான் செய்வாங்களாப்பா?” என்றான் கிஷாந்த்.

சதீஸ்குமார் சார்ஜாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தான்; இப்போது லீவில் வந்திருந்தான். ஊருக்குள் அவன் பிஸ்கட் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் மகன் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். அந்தத் தொழிற்சாலையில் மா குழைப்பது ஒரு மெஷின், வெட்டுவது ஒரு மெஷின், சுடுவது ரயில்பெட்டி நீளத்துக்கு இன்னொரு மெஷின். கடைசியில் பெல்ட்டில் வரிசையாக வருகிற பிஸ்கட்டுகளில் உடைந்தவற்றைப் பொறுக்கி வாளியில் போடுவது மட்டும்தான் மனிதன் செய்ய வேண்டிய வேலை. அந்த மனிதன்தான் சதீஸ்குமார். தன் கையால் ஒரு பிஸ்கட்கூட அவன் செய்ததில்லை. கண்ணை மூடினால் உடைந்த பிஸ்கட் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

“அங்க எல்லாம் மெஷின்டா” என்று சொல்லிச் சமாளித்தான்.

வீட்டில் ஓவன் கிடையாது. அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, பிஸ்கட் தட்டை அதன் மேல் வைத்து, மூடி கேஸ் அடுப்பில் ஏற்றினான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சார்ஜாவிலிருந்து சுப்பர்வைசர். திரும்பி வருகிற டிக்கெட்டை உறுதிப்படுத்தியாகிவிட்டதா என்று கேட்டார். மழைச் சத்தத்தில் கத்திக் கத்திப் பதில் சொல்லிவிட்டு வந்தால், சட்டி திறந்து கிடந்தது. தட்டு மணலுக்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது.

“தானா விழுந்திருச்சு” என்றான் கிஷாந்த். தங்கை டிலக்ஷி பலமாகத் தலையாட்டினாள்.

மாலையில் அவன் மனைவி விஜிதா வேலை முடிந்து வந்தாள். மாத்தளை வீதியில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் அவளுக்கு வேலை. கறுவாவும் சாதிக்காயும் மணக்க வந்து உட்கார்ந்தவள் முன்னால் அவன் தட்டை நீட்டினான்.

“மணலத் தட்டி எடுத்துட்டேன். கடிச்சுப் பாரு.”

கடித்தாள். நறுக்கென்று ஒரு சத்தம். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க இது, பிஸ்கட்டா, ரெயில் ரோட்டுக் கல்லா?”

பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் வந்து இறங்கியதிலிருந்து அவர்கள் சிரித்து அன்றுதான் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த அன்றே அப்படித்தான். டிலக்ஷி அவனைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுக்கு அப்பா என்றால் போன் கண்ணாடிக்குள் இருக்கிற ஒரு முகம். காலும் கையும் உள்ள அப்பாவை அவள் பார்த்ததில்லை. கிஷாந்த் பொம்மைக் காரைக் கையில் வாங்கினான், ஆனால் உருட்டிப் பார்க்கவில்லை. தகப்பனிடம் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“எப்ப திரும்பிப் போவீங்க?”

சப்பாத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. சதீஸ்குமாருக்குத் திகதியைச் சொல்ல மனம் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“உங்களோட சேந்து பிஸ்கட் சுட்டு, நல்லபடியா எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போவேன்.”

கிஷாந்த் காரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டான்.

மறுநாள் பக்கத்து வீட்டு பவாஸ், நுஸ்லாவின் வாப்பா, வேனைக் கழுவிக்கொண்டே அவனைக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி திரும்பவும் போகப் போற? இரத்தோட்டையில எங்கட மச்சான்ட மிளகு ஸ்டோருக்கு நம்பிக்கையான ஒரு ஆள் தேவப்படுது. அங்க எடுக்கிற சம்பளம் வராதுதான். ஆனா புள்ளையளோட இரிக்கலாம்.”

“யோசிக்கிறேன் நானா.”

அதை அவன் விஜிதாவிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று நினைத்திருந்தான். பிள்ளைகளோ முகத்தைக் காட்டினால்தானே? ஆகவே பிஸ்கட்தான் வழி என்று இறங்கினான். சேர்ந்து மா பிசைந்தால் கை ஒட்டும், கை ஒட்டினால் மனமும் ஒட்டாதா?

மணல் சட்டி தோற்றதும், பவாஸின் மனைவி நூருன்னிஸாவிடம் போய் நின்றான். அவள் ஓடர் எடுத்துக் கேக் செய்து கொடுப்பவள். வீட்டில் பெரிய ஓவன் இருந்தது.

“இதுக்கு ஏன் தம்பி தயங்குறீங்க? என்ட கேக் வேல முடிஞ்சிட்டு. ஓவன் சும்மாதான் கெடக்கு. புள்ளையளயும் கூட்டிட்டு வாங்க.”

இந்த முறை பட்டரைக் கைக்குள்ளேயே வைத்திருந்தான். சீனி, மா, ஒரு சின்னக் கரண்டி பேக்கிங் பவுடர், எல்லாம் நூருன்னிஸா சொன்ன அளவு. கை கழுவப் போனபோது, “நாங்க கலந்து தாறோம்பா” என்றான் கிஷாந்த். டிலக்ஷியும் நுஸ்லாவும் கோப்பையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். பிள்ளைகளாக முன்வந்து ஒரு வேலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சதீஸ்குமார் வேண்டுமென்றே மெதுவாகக் கை கழுவினான்.

ஓவனுக்குள் பிஸ்கட்டுகள் எழும்பத் தொடங்கின. முதலில் பணியாரம் அளவு. பிறகு பேக்கரிப் பனிஸ் அளவு. பிறகு ஒன்றையொன்று கட்டிப்பிடித்து ஒரே மெத்தையாகின. மெத்தை தட்டைத் தாண்டி வழிந்து அடியில் விழுந்து புகைந்தது. அவன் பதறிப்போய்க் கதவைத் திறந்தான். அதுவரை ஓவனுக்குள் இருந்த புகை முழுவதும் குசினிக்குள் வந்தது.

மேசையில் நூருன்னிஸாவின் கேக் நின்றது. மாத்தளை டவுனில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போக வேண்டிய கேக். வெள்ளை ஐசிங், சுற்றிலும் ரோசாப்பூ. நூருன்னிஸா குனிந்து மணந்து பார்த்தாள்.

“கருவாடு சுட்ட மாதிரி மணக்குது தம்பி.”

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐசிங் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூச ஆரம்பித்தாள். பேக்கிங் பவுடர் டப்பா மேசைக்கடியில் வெறுமையாகக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பட்ட கடனுக்குப் பரிகாரமாக, “கேக்க நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாறேன் ராத்தா” என்றான் சதீஸ்குமார்.

பெட்டியை மூடினால் ஐசிங் ஒட்டிவிடும் என்று மூடியைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு பவாஸின் வேனில் உட்கார்ந்தான். ரயில் கேட் திடீரென்று விழுந்தது. பவாஸ் பிரேக்கை மிதித்தார். கேக் இருந்த இடத்திலேயே இருந்தது. சதீஸ்குமார்தான் குனிந்தான். அவன் நாடி கேக்கின் நடுவில் போய்ப் பதிந்தது.

பிறந்தநாள் பிள்ளையின் தாய் கேக்கை நெடுநேரம் பார்த்தாள்.

“நடுவுல இந்தக் குழி எதுக்கு?”

“மெழுகுதிரி வைக்க” என்றான் சதீஸ்குமார், நாடியைத் துடைத்துக்கொண்டே.

அந்த வீட்டிலிருந்து நூருன்னிஸாவுக்கு அதன்பிறகு ஓடர் வரவில்லை.

இதைக் கேட்டு விஜிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டாள். அவளே மா குழைத்தாள், அவளே தட்டினாள், நூருன்னிஸா ஓவனின் சூட்டைத் தன் கையாலேயே குறைத்து வைத்தாள். மூன்று பெரியவர்களும் நிம்மதியாக முன்னறையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். பிள்ளைகள் மூவரும் குசினிப் பக்கம் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“பார்த்தீங்களா, கொஞ்சம் பொறுமையா செஞ்சா எல்லாம் சரியா வரும்” என்று விஜிதா சொல்லி வாய் மூடவில்லை, கரிந்த மணம் வந்தது.

தட்டில் இருந்தது சிரட்டைக் கரி. சூட்டுக் குமிழ் கடைசி எண்ணில் நின்றது.

“நான் கொறச்சுத்தானே வெச்சேன், அல்லாஹ்வே!” என்றாள் நூருன்னிஸா.

சதீஸ்குமார் தற்செயலாக வெளியே பார்த்தான். பின்பக்கத்தில், மழைச் சாரலில், மூன்று பிள்ளைகளும் கைகோத்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். டிலக்ஷி சத்தம் வராமல் கை தட்டினாள். அவனைக் கண்டதும் மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

அன்று அவன் சாப்பிடவில்லை.

“என்னயக் கேலி பண்றாங்க விஜி. நான் தோத்தா அவங்களுக்குச் சந்தோஷம்.”

“சின்னப் புள்ளைங்கங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?”

“சின்னப் புள்ளைங்களுக்குத்தான் நடிக்கத் தெரியாது” என்றான்.

விஜிதா கூரையிலிருந்து ஒழுகுகிற இடத்தில் வாளியை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

குமிழ் தானாகத் திரும்பாது, ஆகவே ஓவன்தான் பழுது என்று அவன் முடிவு கட்டினான். ‘வேண்டாம்’ என்று நூருன்னிஸா தடுத்தும் கேளாமல் டவுனில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரு பழுதும் இல்லயே” என்றார்.

“இல்ல அண்ணே, உள்ள என்னமோ இருக்கு. கழட்டிப் பாருங்க.”

கடைக்காரர் கழற்றினார். ஒரு வயர் கையோடு வந்தது. ஏதோ ஒன்று டப்பென்று வெடித்தது.

“இப்ப பழுதுதான்” என்றார்.

ஓவன் கடையிலேயே கிடந்தது. நூருன்னிஸா வந்த ஓடர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போனில் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்வதை, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சதீஸ்குமார் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு எழுந்து போய் பவாஸின் முன்னால் நின்றான்.

“ஏர்போர்ட் போறதுக்கு வேன் வேணும் நானா.”

“அப்ப அந்த ஸ்டோர் வேல?”

“வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க. இங்க என்னய யாருக்கும் தேவையில்ல.”

பவாஸ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிற நேரத்தைக் கேட்டார்.

புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் ஓவன் திருத்தப்பட்டு வந்தது. புறப்படுகிற அன்று காலையில் நூருன்னிஸா சுவருக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள்.

“தம்பி, வாங்க. வெறுங்கையோட உங்கள அனுப்ப எனக்கு மனசு வரல்ல. இந்த முறை நான் சுட்டுத் தாறேன்.”

அவள் குசினிக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். “ஆன்டி, நாங்களும் வாறோம்!” என்று கிஷாந்த் கத்தினான். “உம்மா, தண்ணி வேணும்!” என்றாள் நுஸ்லா. “வெளியில மழத் தண்ணி ஈக்கி, குடி” என்றாள் நூருன்னிஸா. ஓவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, கையில் அகப்பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

பிஸ்கட் வந்தது. பொன் நிறம், வட்டம் கோணாமல், ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து. பெல்ட்டில் வந்திருந்தால் ஒன்றைக்கூட அவன் பொறுக்கிப் போட்டிருக்க மாட்டான். சதீஸ்குமார் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தான். கண் கலங்கியது. கடிக்கவில்லை. பிள்ளைகளோடுதான் சாப்பிட வேண்டும் என்று தட்டைத் துணியால் மூடிக்கொண்டு மழைக்குள் ஓடி வீட்டுக்கு வந்தான்.

விஜிதா பாய் விரித்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவன் துணியை எடுத்தான்.

“பாத்தீங்களா? கடைசியில வந்திருச்சு!”

பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள். கிஷாந்தின் முகம் வெளிறியது. டிலக்ஷியின் உதடு துடித்தது.

“எடுத்துச் சாப்பிடுங்க.”

யாரும் கை நீட்டவில்லை.

“அப்பா ஆசையா கொண்டாந்திருக்காரு, ஒன்னு எடுத்துக்கடா” என்றாள் விஜிதா. ஒன்றை எடுத்து டிலக்ஷியின் வாயருகே கொண்டுபோனாள். டிலக்ஷி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் மட்டும் விரல்களுக்கு மேலால் வழிந்தது.

“விஷமா குடுக்கிறேன்?” என்றான் சதீஸ்குமார்.

அப்போதுதான் கிஷாந்த் பாய்ந்தான். தட்டைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மழை வெள்ளம் புரண்டு ஓடிய வடிகானுக்குள் தட்டோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டான். பொன் நிற வட்டங்கள் வரிசையாக மிதந்து போய்ப் பாலத்துக்கடியில் மறைந்தன.

சதீஸ்குமார் அவனை அறைந்தான்.

வந்ததிலிருந்து அவன் மகனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கிஷாந்த் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கானைத்தான் திரும்பிப் பார்த்தான், ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறவனைப் போல. பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பவாஸின் வேன் வாசலில் வந்து நின்றது.

பெட்டியை ஏற்றினார்கள். சதீஸ்குமார் அறைக் கதவருகே போய் நின்றான். “கிஷாந்த், அப்பா போயிட்டு வாறேன்” என்றான். பிறகு “டிலக்ஷி” என்றான். கட்டிலுக்கடியில் ஏதோ நகர்ந்தது, அவ்வளவுதான்.

“நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க” என்றாள் விஜிதா. அவள் கண் சிவந்திருந்தது. “போய்ச் சேந்ததும் போன் எடுங்க.”

“அடிச்சிருக்கக் கூடாது விஜி.”

“கெளம்புங்க.”

அவன் வேனில் ஏறிக் கதவை இழுத்தான். சரிதான், நான் போவதுதான் இந்த வீட்டுக்கு நிம்மதி என்று எண்ணினான். அங்கே பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். உடைந்தவை வந்துகொண்டே இருக்கும். அந்த வேலையாவது தெரியும்.

பவாஸ் எஞ்சினைக் கிளப்பினார். அப்போது யாரோ ஜன்னலில் பலமாகத் தட்டினார்கள். கண்ணாடியை இறக்கினான். குடையும் இல்லாமல் நனைந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நுஸ்லா நின்றாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

“நீங்க ஏமாத்துறீங்க அங்கிள்! பிஸ்கட் நல்லா வந்து எல்லாரும் சாப்பிட்ட பொறகுதான் போவேன்னு நீங்கதானே கிஷாந்துக்கிட்ட சொன்னீங்க, அதுக்காகத்தானே நாங்க மூணு பேரும் இவ்வளவு நாளும் பாடுபட்டு எல்லாத்தையும் பழுதாக்கினோம்!”